குடைக்கம்பி கிளிப்

மில் முதலாளி வரதராஜுலுவுக்குத் தன் பழைய காரில் எல்லாமே சீமைச் சரக்கு என்று ஒரே பெருமை. கதவின் உள்பக்க அட்டையைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் பாதி உடைந்துபோயிற்று. தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை.

“சீமைக் கிளிப்தான் வேணும். போலி வெச்சா ஒரே பார்வையில கண்டுபிடிச்சு உன் கடையை இழுத்து மூடிருவேன்,” என்று பட்டறைக்காரி மரகதத்தை மிரட்டினார்.

மறுவாரம் மரகதம் ஒரு தட்டு நிறையக் கிளிப்பை நீட்டினாள். “பழசும் புதுசும் கலந்திருக்குதுங்க. போலியை நீங்களே பொறுக்கிப் போட்டிருங்க.”

பளபளத்ததையெல்லாம் அவர் சாக்கடையில் வீசினார். துருவேறியதை ஆசையாகத் தடவி, “இதல்லவா சீமைச் சரக்கு!” என்றார்.

“அது குடைக்கம்பிங்க. வளைச்சு உப்புத்தண்ணியில ஊறப் போட்டேன். நீங்க வீசினதுதான் உங்க வண்டியில உடையாம இருந்த சீமைக் கிளிப்பு. புளி போட்டு விளக்கி வெச்சிருந்தேன்.”

முதலாளி சாக்கடையை எட்டிப் பார்த்தார். “அப்ப வீசின கிளிப்புக்குப் பதிலா?” என்றார் மெல்ல.

“வீட்டுல இன்னும் ரெண்டு குடை இருக்குதுங்க.”