சந்தனம் தனியாக நிற்காதது ஏன்?

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாயும் இருந்தது, வாய்க்கொழுப்பும் இருந்தது. எல்லாவற்றிலும் கர்வம் பிடித்தது சந்தனம். பக்கத்து மரத்தின் வேர்கூடத் தன்மேல் படக் கூடாதென்று ஒதுங்கி நிற்கும். இலை, பூ, பட்டை எல்லாம் மணம். திமோர் தீவில் அது பூத்தால் நடுக்கடலில் போகிற கப்பல் வரை மணக்கும்.

மணந்ததுதான் வினையாயிற்று. தீவின் கிழக்கே போர்த்துக்கீசியர் இறங்கினார்கள், மேற்கே ஒல்லாந்தர் இறங்கினார்கள். தீவை இரண்டாகப் பிரித்துக்கொண்ட பிறகும் அவர்கள் மனம் ஆறவில்லை. எங்கோ தூரதேசத்தில் மேஜைமேல் தீவின் வரைபடத்தை விரித்து, "இந்த மலை உனக்கு, அந்தப் பள்ளத்தாக்கு எனக்கு" என்று மாற்றிக்கொண்டார்கள். மலையில் குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவர்களுக்கு ஏது?

மலையில் எல்லைக்கல் நட்ட அன்றுதான் அங்கே குடியிருந்த தெலிக்குக்குப் பெண் பிறந்தது. தெலிக்கின் அண்ணன் செரானின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் கல்லைத் தாண்டினால் காவல்காரன் சுட்டுவிடுவான்.

அந்த ஊரில் தாய்மாமன் தொட்டுப் பெயர் சொன்னால்தான் பிள்ளை பால் குடிக்கும். எந்த முன்னோர் திரும்பி வந்திருக்கிறார் என்பது அவன் உள்ளங்கைக்குத்தான் தெரியுமாம். செரான் அக்கரையில் நின்று தெரிந்த பெயரையெல்லாம் கத்திப் பார்த்தான். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அழவும் தெம்பில்லாமல் துவண்டுவிட்டது.

உச்சிவெயிலில் தெலிக் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் அருகே நின்ற சந்தனத்திடம் ஓடினாள்.

"நீ மணந்ததாலதானே அவங்க வந்தாங்க! இப்ப என் பிள்ளைக்கு என்ன வழி?"

சந்தனம், "உங்க அண்ணனை அந்தச் சவுக்கு மரத்துமேல கைவைக்கச் சொல்லு. பிள்ளையோட பாதத்தை என்மேல வை" என்றது.

அக்கரையில் நின்ற சவுக்கு பதறியது. "என் வேருக்குள்ள புகுந்தா அப்புறம் உன்னால தனியா வாழ முடியாது. நல்லா யோசிச்சுக்கோ."

"பிள்ளை சாகக் கிடக்குது. யோசிக்க என்ன இருக்கு?"

செரான் சவுக்கின்மேல் கைவைத்தான், தெலிக் பிள்ளையின் பாதத்தைச் சந்தனத்தின்மேல் வைத்தாள். மண் லேசாக அதிர்ந்தது. காவல்காரன் மேலே பார்த்தான், ஓடையைப் பார்த்தான், கல்லைத் தொட்டுப் பார்த்தான். கல் நட்ட இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் சந்தனத்தின் வேர் ஊர்ந்து போய்ச் சவுக்கின் வேரைப் பற்றிக்கொண்டது.

பிள்ளையின் பாதத்துக்கடியில் பட்டை வெதுவெதுத்தது. தெலிக் கைவைத்துப் பார்த்தாள். ஏர்பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை! சின்ன வயதில் அவளைப் பிடித்து ஓடை தாண்டவைத்த அண்ணனின் அதே கை.

"அபுக்!" என்று செத்துப்போன தாயின் பெயரைச் சொல்லி அக்கரையில் விம்மினான் செரான். "நம்ம அம்மாதான் தெலிக், அம்மாதான் வந்திருக்கா!"

பிள்ளை வாய் திறந்து முலையைத் தேடிப் பற்றியது. தெலிக் பிள்ளையை அணைத்தபடியே மரத்தடியில் மண்டியிட்டுத் தலைவணங்கினாள். சந்தனம் தன் மணத்தையெல்லாம் இலையிலிருந்தும் பூவிலிருந்தும் உறிஞ்சி நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது, இனி எந்தக் கப்பலையும் அழைக்கக் கூடாதென்று.

சந்தனக் கன்று நடுகிறவர்கள் பக்கத்திலேயே துணைக்கு ஒரு செடியும் நடுவது அன்று முதல்தான். மேலே யார் எந்தக் கல்லை நட்டாலும், சந்தனம் மண்ணுக்கடியில் அடுத்த மரத்தின் வேரைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.