சிவப்பில்லாத படம்

பேருந்துப் பணிமனையில் வரைபடம் போடும் செண்பகவல்லியை மேலாளர் தணிகாசலம் கூப்பிட்டார். "நேரத்துக்கு வந்த பஸ்ஸுக்குப் பச்சை, தாமதமா வந்ததுக்குச் சிவப்பு, அப்படித்தானே போடுவே? நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரிய மேடம் வர்றாங்க. ஒரு பொட்டு சிவப்பு இருக்கக் கூடாது. பொய்யும் கூடாது, சரிபார்ப்பாங்க. தப்பினா உனக்கு வேலை இல்லை."

படம் பச்சையாக இருக்கட்டும் என்று, தாமதமாகும் பஸ்களை அவர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். செண்பகவல்லியின் அப்பா டயாலிசிஸுக்குப் போய்வந்த ஆவாரங்குளம் பஸ்ஸும் அப்படி நின்றதுதான்.

"சரிங்க சார்" என்றாள்.

மறுநாள் சுவரெல்லாம் பச்சைக் கோடுகள். தணிகாசலத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேடத்தின் விரல் ஆவாரங்குளத்தில் நின்றது. அங்கே கோடே இல்லை. கரும்புள்ளிகள் மொய்த்திருந்தன.

"இது என்னம்மா?"

"பஸ் இல்லாம தவிக்கிறவங்க மேடம், ஆளுக்கொரு புள்ளி. வராத பஸ் எப்படித் தாமதமாகும்? அதான் சிவப்பு போடலை."

மேடம் தணிகாசலத்தைப் பார்த்தார்.

"நாளையிலிருந்து அந்த பஸ் ஓடணும்" என்ற மேடம், அவள் பக்கம் திரும்பினார். "இதுல உங்க வீட்டு ஆள் யாரும்மா?"

"எங்கப்பா இருந்தார் மேடம். போன மாசம் இறந்துட்டார். அவருக்குப் புள்ளி வைக்கலை."