எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு

ஒரு காட்டுக் குளக்கரையில் துள்ளான், பவளி என்று இரண்டு ஆறுமணிக்குருவிகள் இருந்தன. புருஷனும் பெண்டாட்டியும்தான். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் கூவுகிற இனம் அது. வெயில் ஏறத் தொடங்கினால் இமயமலை அடிவாரத்துக்குப் பறந்துபோய், அங்கே மழையில் கூடு கட்டி முட்டையிடும்.

அந்த ஆண்டும் வெயில் ஏறிவிட்டது. கரை மண் இறுகி, மண்புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. குருவிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பாக்கி ஒரே ஒரு கூட்டம். அதுவும் மறுநாள் மாலை புறப்படுகிறது. அதைத் தவறவிட்டால் கோடை முழுக்கப் பட்டினி; கூடும் இல்லை, குஞ்சும் இல்லை!

அந்த நேரம் பார்த்தா வாலப்பன் குரங்குக்குக் காந்தம் கிடைக்க வேண்டும்? திருவிழா வண்டியிலிருந்து விழுந்து உடைந்த ஒலிபெருக்கிக்குள் சில்லும் துண்டுமாக இருந்தது அது. ஆணியை நீட்டினால் தாவி ஒட்டியது. சோடா மூடியும் ஒட்டியது. போதாதா? வாலப்பன் பாறைமேல் ஏறிக் கடை விரித்துவிட்டது.

“வாங்க, வாங்க! மகாசக்திக் கல்! தம்பி துள்ளா, நீ எதை வச்சு வடக்கைக் கண்டுபிடிக்கிற?”

“பூமியோட காந்தத்தை வச்சுத்தான், அண்ணே. அந்தி வெளிச்சத்துல பார்த்தா வடக்குப் பக்கம் லேசா ஒரு நிழல் தெரியும்.”

வாலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “பூமியோட காந்தமா? அதால ஒரு குண்டூசியைத் தூக்க முடியுமா? இது ஆணியையே தூக்குது! ஒரு சில்லைக் கழுத்துல கட்டிக்க. ஒரே மூச்சுல இமயமலை!”

துள்ளானுக்கு வாயெல்லாம் பல், அதாவது அலகு. கொடி நாரில் காந்தச் சில்லைக் கோத்து மாட்டிக்கொண்டது.

“வேண்டாங்க, கழற்றுங்க!” என்றது பவளி.

“உனக்குப் பொறாமை!”

அந்தி வந்தது. துள்ளான் ஒரு பக்கம் பார்த்தது. நேர் எதிரே கன்னங்கரேல் என்று நிழல். மறுபக்கம் திரும்பியது. அங்கேயும் நேர் எதிரே நிழல்!

“பார்த்தியா பவளி! எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கு! இனிமே தேடவே வேண்டாம். நாளைக்கு வர்ற கூட்டத்துக்கு நாம எதுக்குக் காத்திருக்கணும்?”

சொன்னதுதான் தாமதம், விருட்டென்று கிளம்பிவிட்டது. கடல் பக்கம் போய்விட்டால்? இறங்க ஒரு கிளைகூடக் கிடைக்காதே! பவளி திட்டிக்கொண்டே பின்னால் பறந்தது.

விடியும்போது துள்ளான் ஒரு குளக்கரையில் இறங்கியது. இறக்கை இரண்டும் வெடவெடத்தன. முகத்தில் மட்டும் பெருமை.

“வந்தாச்சு இமயமலை! அட, இங்கேயும் எருமை இருக்கே! வணக்கம், வடக்கத்தி எருமையக்கா!”

தண்ணீரில் கிடந்த காரி எருமை ஒரு கண்ணைத் திறந்தது. “நேத்து என் காலடிச் சேத்துல புழு தேடினவன்தானே நீ? யாருடா வடக்கத்தி?”

பாறைமேல் வாலப்பன் கொட்டாவி விட்டது. துள்ளானுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

பவளி மூச்சிரைக்க வந்து இறங்கியது. “பதினோரு தடவைங்க! இந்தக் குளத்துக்குப் பின்னாடி இருக்கிற மொட்டைக் குன்றைப் பதினோரு தடவை சுத்தினோம்!”

“சக்தி பத்தலை போல,” என்றது வாலப்பன். “பெரிய துண்டாக் கட்டிக்கோ!”

“அண்ணே, பேசாம இருங்க!” பவளி நாரை ஒரே கொத்தில் அறுத்தது. சில்லு சேற்றில் விழுந்தது. “நம்ம கண்ணுக்குள்ள நடக்கிறது தூக்கற வேலை இல்லைங்க. வெளிச்சம் பட்டதும் அங்கே துளியூண்டு பொருள் ஒண்ணு ரெண்டாப் பிரியுது. மறுபடி சேரலாமா, வேற பொருளா மாறலாமான்னு ஒரு நொடிகூட இல்லாத நேரம் தடுமாறுது. அப்போ பூமியோட காந்தம் லேசா ஒரு தட்டுத் தட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு மாறுதோ, அதுதான் நமக்கு நிழலாத் தெரியுது.”

“ஒண்ணும் புரியலை,” என்றது காரி.

“பாறை முகட்டுல ஒரு மழைத்துளி நிக்குதுன்னு வச்சுக்குங்க, அக்கா. இந்தப் பக்கம் ஓடவா, அந்தப் பக்கம் ஓடவா? அதைத் திருப்ப எறும்போட மூச்சு போதும். அங்கே யானை வந்து ஊதினா?”

“துளியே இருக்காது!”

“இவர் கழுத்துல தொங்கினது யானை. அதுவும் இவர் திரும்புற பக்கமெல்லாம் கூடவே திரும்புற யானை!”

துள்ளான் பகல் முழுக்கப் புதருக்குள் படுத்துக் கிடந்தது. மாலையில் கடைசிக் கூட்டம் மரத்தில் வந்து கூடியது. ஆறு மணிக்கு எல்லாக் குருவிகளும் கூவின. துள்ளான் மட்டும் கூவவில்லை. கண்ணை விரித்துச் சுற்றிலும் பார்த்தது. நிழலைக் காணோம்!

“பவளி, என் கண்ணு போச்சு! நீ இவங்களோட போயிடு.”

“அவசரப்படாதீங்க. கன்னங்கரேல் நிழலுக்குப் பழகின கண்ணு அது. மெதுவாத் திரும்பிப் பாருங்க.”

துள்ளான் மெதுவாகத் திரும்பியது. கிழக்கே ஒன்றும் இல்லை. மேற்கே ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் திரும்பியதும், புகை படிந்தாற்போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, ஒரு சின்ன நிழல். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன துள்ளானுக்கு.

“அதோ வடக்கு! ஒரே ஒரு வடக்கு!”

கூட்டம் கிளம்பியது. துள்ளான் இந்த முறை பவளிக்குப் பின்னால் பறந்தது.

வாலப்பன் தலையைச் சொறிந்தது. “அப்போ இதை வச்சு நான் என்ன பண்றது?”

“குளத்துக்கு வர்ற வழியெல்லாம் துருப்பிடிச்ச ஆணி. என் குளம்பு கிழியுது,” என்றது காரி. “அந்தக் கல்லைக் கயித்துல கட்டி இழுத்துட்டு வாயேன்.”

வாலப்பன் இழுத்தது. ஒரு கை நிறைய ஆணி!

ஆணி பொறுக்கப் பெரிய பலம் வேண்டும்தான். ஆனால் தடுமாறி நிற்பதைத் திருப்பிவிட, தக்க நேரத்தில் கிடைக்கும் சிறு தூண்டுதலே போதும்.