அடையாளமாக நின்ற நஞ்சப்பன்

எங்கள் பஞ்சாலைச் சங்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு ஊதும்போது, முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல் கேட்கும். வயிறு முட்டத் தின்ற எருமை மனமில்லாமல் எழுந்திருப்பது போல. அப்புறம் அந்த முனகல் மெல்ல மேலேறி, ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, சோளக்காட்டைத் தாண்டி, நொய்யல் ஆறு வரைக்கும் போய், அங்கே தண்ணீர் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அது திரும்புவதற்குள் ஆலை முழுக்கச் சோற்றுத் தூக்குப்போசிகள் திறந்திருக்கும்.

ஆலையை மூடிப் பல வருஷமாகிறது. சங்கை இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிட்டார்கள். ஆனால் அந்தச் சத்தம் எங்கள் வயிற்றுக்குள் இருந்தது. வயிற்றை யாரும் எடைபோட்டு வாங்கவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். ஆறுக்குட்டி மேஸ்திரி எங்கள் தலைவர். ஸ்பின்னிங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் நாலு பேரை மேய்க்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. அவர் மனைவி தெய்வாத்தாள், அவர் சொல்கிற எல்லாவற்றையும் மறுத்துவிட்டு அப்படியே செய்வாள். வெள்ளிங்கிரி ஆழமாக யோசிப்பவர். அவர் யோசிக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் உட்கார இடம் தேடுவோம். நான் ஆலைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். கல்லூரியில் படித்தவள் என்பதால் எந்த ஊருக்குப் போனாலும் மேப்பை என் கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் பிடித்துக்கொண்டே போவேன். அதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

ஐந்தாவது ஆள் நஞ்சப்பன். அவரைப் பழனியில் படிக்கட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஊட்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். கொடிவேரியில் அவர் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது விட்டுவிட்டு வந்திருக்கிறோம். வேண்டுமென்று இல்லை. அவர் லேசில் பேச மாட்டார். பேசாத ஆளை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? அவருடைய கல்யாண ஆல்பத்திலேயே பெண்ணும் நாதஸ்வரக்காரரும்தான் இருப்பார்கள்.

வெள்ளிங்கிரியின் மகள் மேகலாவுக்கு, இத்தாலிப் பக்கம் சுற்றுகிற ஒரு பெரிய சுற்றுலாக் கப்பலில் வேலை. குடும்பத்தாருக்குச் சலுகை உண்டு என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அன்றைக்கே நாங்கள் குடும்பமானோம்.

நஞ்சப்பன் மட்டும் வரவில்லை என்றார். "நம்மூர்ல விட்டுட்டு வந்தீங்கன்னா பஸ்ஸேறி வந்துருவனுங்க. கடல்ல பஸ் இருக்காதுங்க."

மேஸ்திரி மருதமலை இருந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டினார். "இந்தத் தடவை உன்னை விட்டுட்டு வந்தா என் மீசையை எடுத்துக்கறேன் நஞ்சப்பா. முருகன் மேல சத்தியம்."

அது நாற்பது வருஷத்து மீசை. நஞ்சப்பன் அதைப் பார்த்துவிட்டு, "வர்றனுங்க" என்றார்.

கப்பல் ஒரு நாள் காலையில் ஒரு மலையடிவாரத்தில் நின்றது. மலை உச்சியில் மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊர். அதன் பெயரைச் சொல்ல எங்கள் யாருக்கும் நாக்கு வளையவில்லை. மலையூர் என்று வைத்துக்கொண்டோம். கப்பல்காரர்களே வண்டி வைத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "ஒருத்தன் கொடி புடிச்சுட்டு முன்னால போவான், நாம பின்னால போகோணுமா? நான் இருக்கறப்ப இன்னொரு மேஸ்திரி எதுக்கு?" என்றார்.

மேகலா இறங்குகிற படி வரைக்கும் வந்து புத்தி சொன்னாள்.

"பஸ்ஸு மேல வரைக்கும் போகும். அஞ்சு மணிக்குக் கப்பல் எடுத்துருவாங்க. தனியாப் போறவங்களுக்குன்னு நிக்காது, பாத்துக்குங்க பெரியப்பா. மேல எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும், வாசல் தெரியறதுக்கு ஏதாவது அடையாளம் வெச்சுக்குங்க. எது புரியலைன்னாலும் ஊர்க்காரங்க செய்யறதைப் பாத்து அதே மாதிரி செஞ்சுக்குங்க. போனைப் பத்திரமா வெச்சுக்குங்க."

போன்கள் பத்திரமாகத்தான் இருந்தன. அறையிலேயே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தோம்.

"நாலு மணிக்குக் கப்பல் சங்கு ஊதும். மலை மேல நல்லாக் கேக்கும். கேட்டா என்ன செய்யோணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சங்கு ஊதினா என்ன செய்யோணும்னு எங்களுக்கா? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே தெரியும் கண்ணு."

மேகலா நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

பஸ் எங்களை மதில் வாசலில் இறக்கிவிட்டது. கல்லால் கட்டிய வளைவு வாசல். ஓரத்தில் ஒரு கல் திண்டு. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஊர் என்று நான் சொன்னேன்.

"எண்ணூறு வருஷமா?" தெய்வாத்தாள் மதிலைத் தடவிப் பார்த்தாள். "இன்னும் பூசாமயே போட்டுட்டாங்களே. கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுத்து ஏமாந்திருப்பாங்களாட்டம்."

அடுத்து அடையாளம் தேட வேண்டியிருந்தது. மதில் மேல் ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிற நேரத்தில் அது எழுந்து போய்விட்டது. ஒரு கார் நின்றது. அதுவும் போய்விட்டது.

"வாசலையே அடையாளமா வெச்சுக்கலாமே" என்றேன்.

மேஸ்திரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், வாசலுக்கு அடையாளம் என்னன்னு கேட்டா வாசலுங்கறீங்க. உங்க வீடு எங்கன்னு கேட்டா எங்க வீட்டுலன்னு சொல்லுவீங்களா?"

நான் மேப்பை மடித்துக்கொண்டேன்.

வெள்ளிங்கிரி யோசித்தார். நாங்கள் கல் திண்டில் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "அடையாளம்னா அது நகரக் கூடாது. சொன்னாக் கேக்கோணும். நமக்கு முன்னாலயே பழக்கமானதா இருக்கோணும்."

எல்லோரும் நஞ்சப்பனைப் பார்த்தோம்.

"என்னை விட்டுட்டுப் போறதுக்கு இது புது வழியாட்டம் இருக்குதுங்க" என்றார் நஞ்சப்பன்.

"அட, கூறு கெட்டவனே! அடையாளத்தை எவனாச்சும் மறப்பானா? மறக்காம இருக்கறதுக்குத்தானே அடையாளமே. இனிமே உன்னை மறந்தா நாங்களே தொலைஞ்சு போவோம்" என்றார் மேஸ்திரி.

நஞ்சப்பன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. தன்னால் நாலு பேர் தொலையக் கூடும் என்பதை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அவரைத் திண்டின் மேல் ஏற்றி நிற்க வைத்தோம். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று தெய்வாத்தாள் தன் கிளிப்பச்சைச் சால்வையை அவர் தலையில் முண்டாசாகக் கட்டினாள். மேஸ்திரி சட்டம் சொன்னார்: "அசையக் கூடாது. யார் கேட்டாலும் பேசக் கூடாது. கல்லு பேசுமா? நான் வந்து தோளைத் தொட்டாத்தான் இறங்கோணும்."

நஞ்சப்பன் தலையாட்டப் பார்த்து, அதுவும் அசைவுதான் என்று ஞாபகம் வந்து, அப்படியே நின்றார்.

உள்ளே போனால் ஊரில் ஓசையே இல்லை. ஒரு ஆள் அகலத்துக்குச் சந்துகள். சன்னல்களெல்லாம் சாத்திக் கிடந்தன. கொடியில் காய்ந்த ஒரு வேட்டி மாதிரிப்பட்ட துணி மட்டும் காற்றில் எங்களைப் பார்த்து அசைந்தது. ஊர் நடுவே ஒரு சின்னச் சதுக்கம். அங்கே பெஞ்சில் ஒரு கிழவர், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார்.

"ஊர்க்காரர்" என்றார் வெள்ளிங்கிரி.

"அவங்க செய்யறதைத்தானே செய்யோணும்?" என்றார் மேஸ்திரி.

"இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து தூங்கறதா? எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுத் தெய்வாத்தாள் முதலில் படுத்தாள்.

சுமைதாங்கி போல ஒரு கல் படி நீளமாக இருந்தது. வரிசையாகப் படுத்தோம். அன்றுதான் மேப்பு எனக்கு உபயோகப்பட்டது. விரித்து முகத்தில் போட்டுக்கொண்டேன். எண்ணூறு வருஷத்து ஊரை நாங்கள் பார்த்தது இப்படித்தான். நல்ல காற்று.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. கீழே, கடல் பக்கமிருந்து, அடித்தொண்டையில் ஒரு முனகல் எழுந்தது. அதே எருமைதான். உப்புத் தண்ணீர் குடித்துக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. முனகல் மேலேறி, மதிலைத் தாண்டி, ஓடுகளைத் தாண்டி வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் மற்ற மூவரும் ஏற்கனவே எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தெய்வாத்தாள் ஊரிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலைக் கப்பல் சோற்றில் பிசைந்து டப்பாவில் எடுத்து வந்திருந்தாள். சங்கு ஓய்வதற்குள் டப்பா திறந்துவிட்டது.

வெள்ளிங்கிரி மட்டும் முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நாலு மணிக்கு என்னங்க சாப்பாடு?"

"மணி ஊருக்கு ஊர் மாறும். சங்கு மாறுமா? அது ஊதினா ஒரே அர்த்தம்தான்" என்றார் மேஸ்திரி.

"அஞ்சு மணிக்குக் கப்பலுங்க."

"அரை மணி நேரம் சாப்பாடு. சங்கத்துல போராடி வாங்குன அரை மணி. அதுல ஒரு நிமிஷம் நான் விட்டுத்தர மாட்டேன்."

தெய்வாத்தாள் டப்பா மூடியில் ஒரு பங்கு சோற்றைத் தனியாக எடுத்து வைத்தாள். "நஞ்சப்பண்ணனுக்கு" என்றாள். ஒரு சுற்றுலாவில் நாங்கள் அவரை நினைத்துச் சோறு எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் நடந்தது பின்னால்தான் தெரிந்தது. மனசு கேட்காமல் மேகலா இரண்டு கப்பல் ஆட்களோடு டாக்சியில் மேலே வந்திருக்கிறாள். திண்டின் மேல் நஞ்சப்பன் நின்றார். "மத்தவங்க எங்கீங்க பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பேசவில்லை. உலுக்கியிருக்கிறாள். அசையவில்லை. கண் மட்டும் சிமிட்டியது. வெயிலில் பக்கவாதம் வந்துவிட்டது என்று பதறிப்போய், அந்த இரண்டு ஆட்களையும் விட்டு அவரை நின்ற நிலையிலேயே சாய்த்துத் தூக்கி, டாக்சியில் திணித்து, கப்பல் டாக்டரிடம் கொண்டுபோய்விட்டாள். நாங்கள் அவரை வழக்கம் போல விட்டுவிட்டு முன்னாலேயே கீழே போயிருப்போம் என்று நினைத்திருக்கிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

சோற்று மூடியை ஏந்திக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வந்தோம். வளைவு இருந்தது. திண்டு இருந்தது. சாம்பல் பூனைகூடத் திரும்பி வந்திருந்தது. நஞ்சப்பன் இல்லை.

"இது நம்ம வாசல் இல்லை" என்றார் மேஸ்திரி.

"திண்டு அதே மாதிரி இருக்குதுங்களே" என்றேன்.

"திண்டா அடையாளம்? நஞ்சப்பன்தானே அடையாளம்? அவன் இல்லீன்னா இது வேற வாசல். படிச்சவங்க இதெல்லாம் யோசிக்கோணும் டீச்சர்."

மதிலைச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த ஊருக்கு ஒரே வாசல். சுற்றிச் சுற்றி அதற்கே வந்தோம். ஒவ்வொரு தடவையும் நஞ்சப்பன் இல்லாத இன்னொரு வாசலைக் கண்டுபிடித்தோம். இத்தனை வாசல் வைத்தால் எதிரி உள்ளே வராமல் என்ன செய்வான் என்று வெள்ளிங்கிரி அந்த ஊரைக் கட்டிய ராஜாவைக் குறைசொன்னார்.

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைக் காட்டி, கப்பலைக் காட்டி, கத்தினார்.

தெய்வாத்தாள் தயங்கினாள். "ஏனுங்க, கப்பல் போயிருமுங்க."

மேஸ்திரி பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. "போகட்டும். பழனியில விட்டோம். ஊட்டியில விட்டோம். அவன் அங்க வெயில்ல என்னை நம்பி நிக்கறான். நஞ்சப்பன் இல்லாம நான் ஏற மாட்டேன்."

நாங்களும் ஏறவில்லை. பஸ் போயிற்று.

மதிலின் கடல் பக்கத்து மூலைக்கு வந்தபோது, கீழே ஒரு வெள்ளைக் கப்பல் கரையை விட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"நம்ம கப்பலாட்டமே இருக்குதுங்க" என்றார் வெள்ளிங்கிரி.

"நம்முது நிக்கற கப்பல். இது போற கப்பல். எப்படி ஒண்ணாகும்?" என்றார் மேஸ்திரி.

"மேல்தட்டுல பாருங்க. எல்லாரும் கையாட்டறாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் ஆடாம அசையாம நிக்கறாரு. தலையில பச்சையா என்னமோ கட்டியிருக்காரு."

தெய்வாத்தாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "என் சால்வையாட்டமே இருக்குது. நஞ்சப்பண்ணனாட்டமே இருக்குது."

"நஞ்சப்பன் வாசல்ல நிக்கறான்" என்றார் மேஸ்திரி. "அசையக் கூடாதுன்னு சொன்னா அசையற ஆளா அவன்? அது யாரோ பாவம். கூட்டாளிங்க எங்கயோ விட்டுட்டுப் போயிருப்பாங்க, தனியா நிக்கறான். கையாட்டுங்க."

நால்வரும் அந்த ஆளுக்குக் கையாட்டினோம். தெய்வாத்தாள் சோற்று மூடியை ஆட்டினாள். அவர் பதிலுக்கு ஆட்டவில்லை. திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டோம்.

இருட்டுவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். புளிச்சோற்றில் கொஞ்சம் அவர்களும் சாப்பிட்டார்கள். மேகலா தகவல் சொல்லி, இரண்டொரு நாளில் விமானத்தில் ஏற்றி எங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். மேஸ்திரி மீசையை எடுக்க வேண்டுமா என்று வழி முழுக்க விவாதம் நடந்தது. நாங்கள் நஞ்சப்பனை விட்டுவிட்டு வரவில்லை, நஞ்சப்பன்தான் எங்களை விட்டுவிட்டுப் போனார், ஆகையால் எடுக்க வேண்டியது அவர் மீசை என்று வெள்ளிங்கிரி தீர்ப்புச் சொன்னார். நஞ்சப்பனுக்கு மீசை கிடையாது.

கப்பலில் டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இறங்கி ஊருக்குப் போகச் சொல்லி மேகலா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாளாம். மேஸ்திரியும் போனில் "இறங்கு நஞ்சப்பா" என்று கத்திப் பார்த்தார். தோளைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்று நஞ்சப்பன் ஒரு தாளில் எழுதிக் காட்டினாராம். எங்கள் நாலு பேருக்கும் இனி எந்தக் கப்பலிலும் இடம் தர மாட்டோம் என்று அந்தக் கம்பெனி எழுதிவிட்டது. மேஸ்திரியும் போன ஆவணியில் மீசையோடு காலமாகிவிட்டார்.

நஞ்சப்பன் இன்னும் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார். சாப்பாட்டு அறை எங்கே என்று கேட்கிற பயணிகளுக்கு, பச்சை முண்டாசுக்காரரைத் தாண்டி இடது பக்கம் என்று சொல்கிறார்களாம். துறைமுகத்தில் சங்கு ஊதும்போது மட்டும் உட்கார்ந்து அரை மணி நேரம் சாப்பிடுகிறார். அதற்கப்புறம் எந்த ஊரிலும் அவரை யாரும் விட்டுவிட்டுப் போனதில்லை.