தாய்மாமன் ராஜாவும் பச்சைத் தண்ணீர்ப் பானையும்

முன்னொரு காலத்திலே மல்லியங்காடு என்ற தேசத்தை அலங்காரராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு பட்டு, சாயங்காலம் ஒரு பட்டு உடுத்த வேண்டும். நடுவில் யாராவது புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் கொடுத்தால் விடுவாரா? பட்டுச்சாலை அதிகாரி சோமநாயகர் அப்படி வந்து வாய்த்தவர்.

ஒருநாள் சபையில் சோமநாயகர், "நம் மகாராஜா இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய்மாமன் மாதிரி!" என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "மாதிரி என்ன மாதிரி? தாய்மாமனேதான்! தண்டோரா போடுங்கள்."

தண்டோரா ஓயும் முன்னே சோமநாயகரின் வண்டிகள் ஊர் ஊராகப் புறப்பட்டன. "பிள்ளைகளை மாமன் வீட்டுக்கு அனுப்புங்கள். நெசவு படிக்கலாம், நெய்ச்சோறு தின்னலாம்." மாமன் வீடு என்றால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? சிலம்பாயி என்ற ஒருத்தியும் தன் ஒரே மகள் பூவாத்தாளுக்குத் தலை வாரி, பூ வைத்து, வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஆடி போனது, தீபாவளி போனது, பிள்ளை வரவில்லை. தோசை வார்த்தால் முதல் சின்னத் தோசை யாருக்கு என்று சிலம்பாயியின் கை அப்படியே நின்றுபோகும். தெருவில் எந்தப் பிள்ளை சிரித்தாலும் எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி உள்ளே போவாள்.

பட்டுச்சாலை வாசலுக்குப் போனாள். காவலாளி உள்ளே விடவில்லை. அங்கே தண்ணீர் சுமக்கும் ஒருத்திதான் காதோடு சொன்னாள்: "கொதிக்கிற பானையில பட்டுப்புழுக் கூட்டைப் போட்டு, இழையைச் சின்ன விரலாலதான் எடுக்க வைக்கிறாங்க அக்கா. வெந்த கை ஆறுறதுக்குள்ள மறு பானை."

சிலம்பாயி அழவில்லை. அழுதுகொண்டு போனவர்களையெல்லாம் 'பொய்க்காரர்கள்' என்று சோமநாயகர் துரத்தியது அவளுக்குத் தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து நேராக அரசவைக்குப் போனாள்.

"அண்ணா, சௌக்கியமா?"

சபையே திடுக்கிட்டது. "மகாராஜாவையா அண்ணன் என்கிறாய்?" என்று சீறினார் சோமநாயகர்.

"எம் பொண்ணுக்கு மாமன்னா எனக்கு அண்ணன்தானே? நான் போட்ட தண்டோராவா அது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதான்! தங்கச்சி எதற்கு வந்தாய்?"

"பூவாத்தாளுக்குக் காது குத்தணும். மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். பிள்ளை உங்க பட்டுச்சாலையிலதான் இருக்கா. கூட இருக்கிற பிள்ளைகளையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"நாளைக் காலை இங்கேயே வைத்துக்கொள்வோம்!" என்றார் ராஜா.

மறுநாள் மேளம் கொட்டியது. சோமநாயகர் பட்டுப்பாவாடை கட்டிய கொழுகொழு பிள்ளைகளைக் கூட்டி வந்தார். சிலம்பாயி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பூவாத்தாள் இல்லை.

"உன் மகளுக்கு லேசான காய்ச்சல். இவர்கள் எல்லாம் பட்டுச்சாலைப் பிள்ளைகள்தான். எப்படி வளர்த்திருக்கிறேன் பார்!"

சிலம்பாயி அவரோடு வாதாடவில்லை. முன்னால் நின்ற சிறுமியின் கன்னத்தைத் தடவி, "ராசாத்தி மாதிரி இருக்கா. அண்ணா, உங்க பட்டுக்கு இவ இழை எடுக்கிறதைப் பாக்க ஆசையில்லையா? பானை நானே கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

"ஆகா, எடுக்கட்டும்!"

வாயைத் துணியால் மூடிய கரிப்பிடித்த பானை வந்தது. சிலம்பாயி துணியை ஓரமாக விலக்கினாள். விளையாட்டு என்று நினைத்த சிறுமி சிரித்துக்கொண்டே கையை உள்ளே விடப் போனாள்.

"ஐயோ, கண்ணு! கையை விடாதே! வெந்துபோகும்! அப்பாகிட்டே வந்துடு!" என்று தலைப்பாகை விழ ஓடி வந்தார் சோமநாயகர்.

சிலம்பாயி பானையைக் கவிழ்த்தாள். கிணற்றுத் தண்ணீர் ராஜாவின் காலைச் சில்லென்று நனைத்துக்கொண்டு ஓடியது.

"அண்ணா, இது பச்சைத் தண்ணி. அவர் எதுக்கு வெந்துபோகும்னாரு? சொந்த மகளுக்குப் பச்சைத் தண்ணியே சுடுது. ஊரான் பிள்ளைக்குக் கொதிதண்ணி சுடாதா?"

மேளம் நின்றுவிட்டது. ராஜா சிலம்பாயியோடு நேராகப் பட்டுச்சாலைக்கு நடந்தார். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பானைக்கு ஒரு பிள்ளை. வெந்து, தோலுரிந்து, மறுபடி வெந்த விரல்கள். ஒரு குழந்தை ராஜாவின் அங்கவஸ்திரத்தைப் பார்த்து, "இது நாங்க எடுத்தது" என்றது. ராஜா அதைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

சோமநாயகரைச் சிறையில் தள்ளினார்கள்.

"என்ன வேண்டும், தங்கச்சி? பொன்னா, நிலமா?"

"மாமன் சீர் வேணும். கதவைத் திறந்து விட்டுட்டா முடிஞ்சுதா? கை ஆற வைத்தியர் வேணும். பிள்ளைகளை அவங்கவங்க வீட்டுல சேக்க வண்டி வேணும். ஊர் தெரியாததுகளுக்குச் சோறும், பக்கத்துல படுக்க ஒரு பெரியவளும் வேணும். இனி எந்தப் பிள்ளையும் எந்தப் பானைக்கும் போகக் கூடாது."

வைத்தியம், சோறு, படுக்கை எல்லாமே சோமநாயகரின் மாளிகையில் நடந்தது. ராஜா அன்றிலிருந்து பருத்திக்கு மாறினார்.

பட்டுச்சாலைக் கதவு திறந்த அன்று, மூலையில் நின்ற பூவாத்தாள் மட்டும் தாயைக் கண்டதும் ஓடி வரவில்லை. யாரோ அனுமதி கொடுக்க வேண்டும் என்பதுபோல வாசல் காவலாளியைப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது, பிடித்தால் வலிக்கும். சிலம்பாயி தரையில் உட்கார்ந்து மடியை விரித்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை வந்து, தலையை மட்டும் அந்த மடியில் சாய்த்தது.

கை ஆறிய பிறகுதான் காதுகுத்து. இப்போதும் அந்தத் தேசத்தில் மாமன்மார் முதலில் பிள்ளையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்புறம்தான் மடியில் வைப்பார்கள். சோமநாயகர் மாளிகையில் ஊர் தெரியாத பிள்ளைகள் சிலர், வண்டிச் சத்தம் கேட்டால் பெற்றவர்கள் தேடி வந்துவிட்டார்களென்று வாசலுக்கு ஓடுவார்களாம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிலம்பாயியும் அவர்களோடு நின்று அந்தப் பாதையையே பார்ப்பாளாம். அந்த வண்டிகளும் வந்து சேரட்டும். கதை அதுவரைக்கும் வாசலிலேயே நிற்கட்டும்.