அணைந்த கோட்டை

தூத்துக்குடியில் பழைய வீடியோ கேம் மெஷின்களை வைத்துக் கடை நடத்தியவள் பல்கீஸ். வயது முப்பத்திரண்டு. அவளிடம் ஆடக் கற்றுக்கொள்ள வந்தவர் சூசை மிக்கேல். வயது ஐம்பத்தாறு. விசைப்படகுகளுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வந்தார். முதல் நாளிலிருந்தே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

அவள் கொடுத்தது ஒரே ஆட்டம். இருண்ட கோட்டை. அதன் உச்சியில் ரத்தம் குடிக்கும் பிரபு. சாட்டையோடு ஒருவன் ஏறிப் போய் அவனைக் கொல்ல வேண்டும். வழியெல்லாம் வவ்வால்கள், எலும்புக்கூடுகள். சாட்டைக்காரனை நடத்துவது ஆடுபவரின் இடது கட்டை விரல்.

முதல் வாசலைத் தாண்டவே மிக்கேலுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மணிக்கூண்டுக்கு வந்து சேர இரண்டு மாதம். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி அந்த மெஷினில் கிடையாது; அணைத்தால் மறுபடி முதல் வாசல்தான். தினமும் ஆட்டத்தை நிறுத்தி வைத்து, டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவார்கள்.

மணிக்கூண்டில் பல்சக்கரங்கள் சுழன்றன. தாவும்போது பேய்த்தலைகள் பறந்து வந்து இடித்துத் தள்ளின. ஒன்பது நாள் விழுந்தார்.

பத்தாம் நாள் காலையில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வெல்டிங் கண்ணாடியை இன்னும் இந்தக் கையால பிடிக்க முடியல. வெல்டிங் செட்டை வித்துரலாம்ங்கான் மகன். என் பழைய கை எப்ப வரும்?"

பல்கீஸ் எழுந்து போய் மெஷினை அணைத்தாள்.

மிக்கேல் பதறிப்போனார்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! ரெண்டு மாசம் டீச்சர்!"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அணைச்சீங்களா?"

அவள் மெஷினை மறுபடி போட்டாள். திரையில் கோட்டையின் முதல் வாசல் வந்தது.

"எனக்கு வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன்."

"போங்க. இந்த வாசலை மட்டும் தாண்டிட்டுப் போங்க."

கோபத்தோடுதான் உட்கார்ந்தார். சாட்டை சொடுக்கியது. வவ்வால் வருமுன்பே குனிந்தார். வாசல் பின்னால் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த தளத்துக்கு ஏறினார். சுரங்கத்துக்குள் ஓரிடத்தில் தண்ணீரில் விழுந்தார். வாய்விட்டுத் திட்டினார். திரும்ப ஏறினார். அவள் வாங்கி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது மணிக்கூண்டில் நின்றார்.

சக்கரத்தின் மேல் தாவினார். பேய்த்தலை இடித்தது. விழுந்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார்.

"பழைய கை இனி வராதுல்லா, டீச்சர்?"

"வராது அண்ணாச்சி" என்றாள் பல்கீஸ். "பழைய கை இந்த மணிக்கூண்டைப் பாத்ததே இல்ல. இந்தக் கை ரெண்டு தடவை வந்திருக்கு."