வரப்பில் நண்டு போட்ட ஓட்டை

பயிர்களும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நெல்லுக்கும் சோளத்துக்கும் ஒரே மாதிரி குட்டை வேர்தான். காத்தாயி என்ற குடியானவளின் மேல்வயலில் அக்கா சோளம், கீழ்வயலில் தங்கை நெல். நடுவில் ஒரு வரப்பு.

ஒருநாள் களையெடுக்க வந்த காத்தாயி நெல்லைத் தடவிக்கொடுத்தாள். "எந்தாயி, வர்ற தைக்குப் புதுப்பானையில நீதான் பொங்கணும்."

"அப்ப நானு?" என்றது சோளம்.

"நீ கூழுக்கு ஆவ."

சோளத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. தன்னைவிடக் குள்ளச்சிக்கா அந்த மரியாதை? காத்தாயி மகளின் பிரசவத்துக்காக அசலூர் போன சமயம் பார்த்து, அது நண்டைக் கூப்பிட்டது.

"வரப்புல ஒரு ஓட்டை போடு. என் வயல் தண்ணியெல்லாம் அவ மேல எறங்கட்டும். மூழ்கிச் சாவட்டும்."

"ஒனக்குத் தண்ணி இல்லாமப் போயிருமே?"

"போனாப் போவுது. அவ பானையில ஏறக் கூடாது."

நண்டுக்கென்ன, ஓட்டை போடுவதுதானே பிழைப்பு. போட்டுவிட்டது.

கீழ்வயல் குளமானது. சேற்றுக்குள் நெல்லின் வேர் மூச்சுமுட்டித் தவித்தது. இலை நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்தது நெல். அது வேர்வரை போகவேண்டுமே! வேருக்குள் இருந்த சதையைத் தானே கரைத்துக் குழலாக்கிக்கொண்டது.

மேல்வயலோ வெடித்துப் பிளந்தது. மழையும் வரவில்லை. தான் விரட்டிய தண்ணீரையே தேடி, சோளம் ஈரம் தட்டும்வரை வேரை ஆழத்துக்குள் இறக்கியது. வெயிலுக்கு இலைகளைச் சுருட்டிக்கொண்டது.

திரும்பி வந்த காத்தாயி, "நாசமாப்போன நண்டு!" என்று திட்டிக்கொண்டே ஓட்டையைச் சேறு வைத்து அடைத்தாள். இரண்டும் உயிரோடிருந்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் போனபின் நெல் மெதுவாகச் சொன்னது: "அக்கா, பெருமழை வந்தா ஒனக்கு மூச்சுமுட்டும். குழல் வைக்க நான் சொல்லித் தர்றேன். ஆழமா எறங்குறத நீ எனக்குச் சொல்லிக் குடு."

சோளத்துக்கு ஆசைதான். ஆனால் வாய் அடங்கவில்லை. "அதையும் கத்துக்கிட்டு, ஊர்ல இருக்கிற பானையிலெல்லாம் நீயே பொங்கவா? போடி!"

நெல்லும் ரோஷக்காரிதான். மறுபடி கேட்கவில்லை.

அன்று முதல்தான், தண்ணீர் நின்றால் சோளம் மூச்சுத் திணறி மஞ்சளாகிறது. தண்ணீர் வற்றினால் நெல் சுருண்டு காய்கிறது. ஒருத்தியைப் பிழைக்கவைக்கும் வித்தை இன்றும் வரப்புக்கு அந்தப் பக்கம், மற்றவளிடம்தான் இருக்கிறது.